சிறு காளானை 1:1 அளவில் எடுக்கும்போது குடையும் செவுளும் சேர்ந்து தெளிவாக விழுவதில்லை, எங்கே தவறுகிறேன்?

கேள்வி: ஈரக்கட்டை

வணக்கம். கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில், விழுந்து பல ஆண்டுகளான சில்வர் ஓக் மரம் ஒன்று மட்கிக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றைத் தொட்டபெட்டா மறித்துவிடுவதால் எங்களுக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை பிடித்த இரண்டாம் வாரத்தில் மரத்தின் நிழல் விழும் பக்கத்தில், பாசிக்கு நடுவே, சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் சிறு காளான்கள் கொத்தாக எழுந்திருக்கின்றன. அளவுகோலை அருகில் வைத்துப் பார்த்தேன்: பெரியதன் குடை 12 மி.மீ. அகலம், தண்டோ தீக்குச்சியைவிட மெல்லியது. குடை நனைந்த கண்ணாடித்தாளைப் போல ஒளியை உள்ளே விடுவதால், அடியிலிருக்கும் மெல்லிய தகடுகளான செவுள்களின் கோடுகள் மேலிருந்தே தெரிகின்றன.

இந்த அழகைப் படத்தில் கொண்டுவர நான்கு நாள்களாக முயன்று தோற்றிருக்கிறேன். என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி கேமரா, 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ், சாதாரண முக்காலி, கேமராவின் தலையில் செருகும் ஃபிளாஷ். லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்தால் குடையின் முன்விளிம்பு மட்டும் தெளிவாகிறது. அதற்குப் பின்னால் தண்டுகூடக் கரைந்துபோகிறது. தெளிவு இன்னும் ஆழமாக விழ வேண்டும் என்று துளையைக் குறுக்கி எஃப்/22க்குப் போனால் எல்லாம் தெளிவுக்குள் வருவது போல் தோன்றினாலும், பெரிதாக்கிப் பார்க்கும்போது படம் முழுவதும் மெல்லிய ஆடை போர்த்தியது போல மங்கிக் கிடக்கிறது. ஃபிளாஷ் போட்டால் குடையின் உச்சியில் வெள்ளைத் திட்டு, அடியில் செவுள் இருக்கும் இடமெல்லாம் கறுப்பு.

ரிங் ஃபிளாஷ் வாங்கினால் இது தீருமா, அல்லது பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் முறைக்குத்தான் போக வேண்டுமா? காளானைப் பிடுங்கி வீட்டு மேசையில் வைத்து எடுக்கும்படி நண்பர் ஒருவர் சொன்னார். அந்த மரத்திலிருந்து பிரித்தபின் அது எனக்கு வெறும் பொருளாகிவிடும் என்பதால் அதற்கு மனம் வரவில்லை.

மறுமொழி: சோலைவாசி

பிடுங்காமல் இருப்பதே சரி, நண்பரே. நீங்கள் பார்க்கும் குடை, மரத்துக்குள் பரவியிருக்கும் பூசண இழைகளின் கனி மட்டுமே. அந்த இழைகள் மரத்தைத் தின்று மண்ணாக்கும் காட்சியும் உங்கள் படத்தின் ஒரு பகுதி.

முதலில் எஃப்/22 ஏன் மங்குகிறது என்பதைச் சொல்கிறேன். லென்ஸில் நாம் வைக்கும் எஃப் எண் தொலைவிலுள்ள பொருளுக்கானது. 1:1 அளவுக்கு, அதாவது பொருளின் உருவம் சென்சாரில் அதன் உண்மையான அளவிலேயே விழும்வரை, நெருங்கும்போது லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி செல்லும் தொலைவு கூடுவதால், அந்த எண் ஏறத்தாழ இரண்டு மடங்காகச் செயல்படுகிறது. உங்கள் எஃப்/22 உண்மையில் எஃப்/44. அவ்வளவு குறுகிய துளை வழியே வரும் ஒளி விளிம்பு விலகலால் பரவி, ஒரு புள்ளியை ஏறக்குறைய 0.06 மி.மீ. அகன்ற வட்டமாக்கிவிடுகிறது. உங்கள் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ சுமார் 0.004 மி.மீ.தான். செவுளின் கூரிய விளிம்பு பதினைந்து பிக்சல்களுக்கு மேல் இழுகிக் கிடந்தால் ஆடை போர்த்தியது போலத்தானே தெரியும்! லென்ஸில் பழுது ஏதும் இல்லை. எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11. அதற்கு மேல் போகாதீர்கள்.

அந்த எஃப்/8இல் 1:1 அளவுக்குக் கிடைக்கும் தெளிவின் ஆழம் வெறும் 0.6 மி.மீ. அளவுதான். பாதி அளவுக்கு, அதாவது 1:2க்குப் பின்வாங்கினால் அது 2 மி.மீ.யை நெருங்கும். உங்கள் காளான் 12 மி.மீ. என்பதால் சட்டத்தை அது ஒன்றே நிரப்ப வேண்டிய தேவை இல்லை. இரண்டு மூன்று காளான்களும், பாசியும், மட்கிய மரத்தின் நார்களும் சேர்ந்து வரட்டும். மேக்ரோ லென்ஸ் கையில் வந்த புதிதில் 1:1 வரை திருகிவிட்டுத்தான் ஓய்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை விட்ட பிறகுதான் என் படங்களில் காளான் வாழும் இடம் தென்படத் தொடங்கியது.

ஆனால் எஃப் எண்ணைவிடக் கேமராவை எங்கே வைக்கிறீர்கள் என்பதே உங்கள் படத்தைத் தீர்மானிக்கும். நின்றபடியோ குனிந்தபடியோ மேலிருந்து எடுத்தால் குடை, தண்டு, மரம் ஆகிய மூன்றும் மூன்று ஆழங்களில் நிற்கும். எத்தனை ஆழம் கிடைத்தாலும் போதாது. லென்ஸின் மையம் குடையின் விளிம்புக்கு ஒரு நூல் கீழே இருக்குமாறு தாழ்த்துங்கள். அப்போது தண்டு முழுவதும் சென்சாருக்கு இணையாக நிற்பதால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஆழத்தில் தெளிவாகும். குடையின் அடிப்பக்கம் மெல்லத் திறந்து செவுள்களைக் காட்டும். அந்த இடத்திலிருந்து பாருங்கள்: விளிம்பிலிருந்து தண்டு வரை ஓடும் நீண்ட செவுள்களுக்கு இடையே, விளிம்பில் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும் குட்டைச் செவுள்கள் இருக்கும். குடை விரிய விரிய வெளிவட்டத்தில் அகலும் இடைவெளியை அவை நிரப்புகின்றன. ஃபோகஸை முன்விளிம்பில் வைக்காமல், தண்டும் செவுளும் சேரும் இடத்தில் வையுங்கள். முன்விளிம்பு சற்று மங்கினாலும் கண் உறுத்தாது. தண்டு மங்கினால் காளானே மிதப்பது போல ஆகிவிடும்.

உங்கள் முக்காலி அவ்வளவு தாழாது என்று நினைக்கிறேன். நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகச் செருகும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தடித்த துணிப்பையில் முக்கால் அளவு மணலோ அரிசியோ நிரப்பிக் கட்டி, அதன்மேல் கேமராவைப் பதித்து வையுங்கள். நான் பல ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். கையை ஊன்றும் முன் மரத்தின் அடியைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். ஈர மரத்தின் கீழ் தேளும் பாம்பும் ஒதுங்கும். படுக்கும் இடத்திலும் சிறு காளான்கள் இருக்கும் என்பதால் சாக்கை விரிக்குமுன் தரையை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிடுங்கள்.

ஒளிக்கு வருகிறேன். ரிங் ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருந்து நேரே அடிக்கும் வெளிச்சம் நிழலை எல்லாம் அழித்து, உருண்டையான பொருளைத் தட்டையாக்கும்; ஈரக் குடையில் வெள்ளை வளையம் ஒன்றையும் பதித்துவிடும். மேகமூட்டத்தின் ஒளியே காளானுக்குப் போதும். மர நிழலில் எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 200 என்றால் ஒரு விநாடி, இரண்டு விநாடி ஆகலாம். காற்று ஓய்ந்திருந்தால் காளான் அசையாது என்பதால் அதற்கு அஞ்சத் தேவையில்லை. கேமராவைக் கையால் தொடாமல் இரண்டு விநாடி டைமரில் விடுங்கள். காற்று வந்தால் விரித்த மழைக்குடையைக் காற்று வரும் பக்கம் சாய்த்து வையுங்கள்.

செவுள் கறுப்பாவதற்குக் காரணம் அங்கே ஒளி எட்டாததுதான். பிஸ்கட் பாக்கெட்டின் உட்புற வெள்ளித்தாளைக் கசக்கிப் பிரித்து, உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டி, சட்டத்துக்கு வெளியே, காளானின் முன்னால் தரையோடு சாய்த்து வையுங்கள். வானத்தின் ஒளி அதில் பட்டுக் குடையின் அடிக்குப் போகும். அட்டையை ஒரு விரல் அளவு நகர்த்தும்போதே செவுள்கள் ஒவ்வொன்றாகத் துலங்குவதைத் திரையில் காணலாம். உங்கள் காளானின் குடை ஒளி ஊடுருவுவது என்பதால் இன்னொன்றும் செய்து பாருங்கள்: பட்டர் பேப்பர் சுற்றிய சிறு டார்ச்சைக் காளானுக்குப் பின்னால், ஒரு பக்கமாக ஒளித்து வைத்தால் குடை உள்ளிருந்து எரிவது போல வரும். அளவுக்கு மீறினால் அது விளக்குக் கடைப் படம் ஆகிவிடும். இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வரும் அளவோடு நிறுத்துங்கள்.

கறுத்த மரத்தின் முன் வெண்காளான் சிறிதாக நிற்கும்போது கேமரா மரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். இலைகளுக்குக் கீழே எல்லாவற்றிலும் பச்சை ஏறியிருக்கும். அதையும் ரா கோப்பில் பிறகு சரிசெய்யலாம்.

மறுமொழி: பாசிப்படலம்

சோலைவாசி ஐயா கேமராவின் இடம் பற்றியும் ஒளி பற்றியும் சொன்ன ஒவ்வொன்றையும் நான் வழிமொழிகிறேன். ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1:2க்குப் பின்வாங்கினால் ஆழம் மூன்று மடங்காகும் என்பது, அந்தப் படத்தை வெட்டாமல் முழுமையாகப் பயன்படுத்தும்வரை சரி. வீட்டுக்கு வந்து, நடுவிலிருக்கும் ஒரு காளானை மட்டும் வெட்டி அதே அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்தே பெரிதாகிறது; அப்போது கிடைக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது, பிக்சல்களும் கால்வாசியாகிவிடும். ஆகவே கேள்வி கேட்ட சகோதரர் ஒற்றைக் காளானை, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை தெளிவாக விரும்பினால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் அடுக்கு முறையைத் தவிர வேறு வழி இல்லை. அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அசையாமல் நிற்கும் காளான்தான் அதைக் கற்றுக்கொள்ள மிக ஏற்றது.

எஃப்/5.6 வையுங்கள். 1:1இல் ஒரு படத்தின் ஆழம் 0.45 மி.மீ. அளவுக்கு வரும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது ஏறியிருக்க வேண்டும் என்பதால் 0.3 மி.மீ.க்கு ஒன்றாக எடுத்தால், 12 மி.மீ. ஆழத்துக்கு 40 படங்கள். உங்கள் கேமராவில் தானாகவே ஃபோகஸை நகர்த்தி எடுக்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மயிரிழை அளவு திருகித் திருகி எடுக்க வேண்டும். முன்விளிம்புக்குச் சற்று முன்பே தொடங்கி, பின்விளிம்பைத் தாண்டிய பிறகே நிறுத்துங்கள். நடுவில் ஒரு அடுக்கு விடுபட்டால் குடையில் ஒரு மங்கல் பட்டை விழும். அதை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது. ஆட்டோ ஐ.எஸ்.ஓ., ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. மேகம் விலகி வெயில் வந்தால் அந்த அடுக்கைக் கைவிட்டு மறுபடி தொடங்குவதுதான் நல்லது.

சேர்ப்பதற்கு ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் ஆகிய மென்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். ஸெரீனில் இரண்டு முறைகள் உண்டு. பி-மேக்ஸ் முறை, ஒன்றின் முன் ஒன்று மறைந்து நிற்கும் செவுள், மயிர், பாசித்தளிர் போன்றவற்றை நன்றாகக் கையாளும், ஆனால் நிறத்தையும் மென்மையையும் சற்றுக் கெடுக்கும். டி-மேப் முறை குடையின் வழவழப்பை அப்படியே காக்கும், ஆனால் தண்டின் ஓரத்தில் தடுமாறும். நான் இரண்டிலும் சேர்த்துவிட்டு, டி-மேப் படத்தை அடியில் வைத்து, செவுள் இருக்கும் இடத்தை மட்டும் பி-மேக்ஸிலிருந்து எடுத்துப் பூசுகிறேன். ஒரு காளானுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரமும் எனக்குப் பிடித்தமானது.

காளான் அசையாது என்றேனே, அதில் ஒரு திருத்தம். மட்கிய மரத்தில் ஸ்பிரிங்டெயில் எனப்படும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள சிற்றுயிர்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். எட்டாவது படத்தில் தண்டின் அடியில் இருந்தது இருபதாவது படத்தில் குடையின் விளிம்புக்கு ஏறியிருக்கும். சேர்த்த படத்தில் தலை ஒரு இடத்திலும் உடல் வேறொரு இடத்திலும் ஆவி போல நிற்கும். அது இருக்குமிடம் தெளிவாக விழுந்த ஒரே ஒரு படத்திலிருந்து அதை மட்டும் எடுத்துப் பதித்துவிடுங்கள். அழித்துவிட வேண்டாம், அளவு தெரிவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தண்ணீர் தெளித்துத் துளி உண்டாக்குவதை நான் செய்வதில்லை. மழைத்துளி குடையின் விளிம்பில் தொங்கும். தெளிப்பானின் துளி கண்ட இடத்திலெல்லாம் பொடிப்பொடியாக நிற்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

மறுமொழி: தென்னந்தோப்பு

மலைக்காட்டுக்குப் போக முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் பொள்ளாச்சிக்கு அருகில். மழைக்குப் பின் தோப்பில் மட்கிய மட்டைத் துண்டுகளிலும் பழைய சாணத்தின் மேலும் பறவைக்கூட்டுக் காளான்கள் வருகின்றன. வாய் அரை சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்த சிறு கிண்ணம். அதன் அடியில் தட்டையான சிறு முட்டைகள் போல வித்துப் பொதிகள். மழைத்துளி ஒன்று சரியாகக் கிண்ணத்துக்குள் விழுந்தால் அந்த வேகத்திலேயே பொதிகள் வெளியே தெறித்து, ஒரு மீட்டர் வரைகூடப் போய் விழுகின்றன. கிண்ணத்தின் சாய்வான சுவரே விழுந்த நீரின் விசையை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது.

தாழ்ந்து, பக்கவாட்டில் எடுங்கள் என்ற அறிவுரையைப் படித்துவிட்டு இதையும் நான் அப்படியே எடுத்தேன். வந்தது ஒரு பழுப்புக் குவளை மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத படம். இந்தக் காளானின் பொருளெல்லாம் உள்ளே இருப்பதால் கேமராவை ஏறக்குறைய நேர் மேலே, சற்றே சாய்வாக, தூரத்து உள்சுவரும் முட்டைகளும் சேர்ந்து தெரியும்படி வைக்க வேண்டியிருக்கிறது. விளிம்புக்கும் முட்டைக்கும் இடையே பல மில்லிமீட்டர் ஆழம் என்பதால் ஒரே படம் என்றால் முட்டைகளின் மேல் ஃபோகஸை வைத்து, விளிம்பை மங்க விடுகிறேன். கிண்ணத்துக்குள் நீர் நின்றால் வானம் அதில் வெள்ளையாகப் பிரதிபலிக்கும். நேர் மேலிருந்து பார்க்கும்போது போலரைசர் ஃபில்டரைத் திருகினாலும் அந்த வெள்ளை அதிகம் குறையாது; கேமராவை நன்றாகச் சாய்த்தால்தான் அது மறைந்து முட்டைகள் துலங்கும். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அந்த ஃபில்டர் குடித்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூபை மாட்டினால் பாதி உருவளவு கிடைத்துவிடும். உள்ளே கண்ணாடி ஏதும் இல்லாத வெற்றுக் குழாய் என்பதால் விலையும் குறைவு. நான் தொடங்கியது அதில்தான்.

கேட்டவர்: ஈரக்கட்டை

மூவருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஆறரைக்குப் போய் ஒன்பது மணி வரை அந்த மரத்தோடு இருந்தேன். அரிசிப்பையின் மேல் கேமராவை வைத்து, குடையின் விளிம்புக்குக் கீழிருந்து பார்த்த அந்த முதல் நொடியிலேயே நான்கு நாள்களாக எதைத் தவறவிட்டேன் என்பது புரிந்துவிட்டது. குட்டைச் செவுள்களை எண்ணினேன்: ஒவ்வொரு இரண்டு நீண்ட செவுள்களுக்கும் நடுவே ஒன்று, சில இடங்களில் மூன்று. வெள்ளித்தாள் அட்டையைச் சாய்த்தபோது அவை கறுப்பிலிருந்து இளஞ்சாம்பலுக்கு மாறியதை என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதலில் 1:2 அளவில் எஃப்/8, ஒன்றரை விநாடியில் ஐந்து காளான்களையும் சேர்த்து ஒரே படம். இதுவரை நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிறகு கையால் வளையத்தைத் திருகி 43 படங்களின் அடுக்கு ஒன்று. அதில் தண்டின் இடப்பக்க ஓரத்தில் மட்டும் மங்கிய ஒளிவட்டம் போல ஒன்று நிற்கிறது. மற்றபடி தெளிவாக இருக்கிறது.

இனி இது என்ன காளான் என்று அறிய ஆவல். படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

மறுமொழி: பாசிப்படலம்

அந்த ஒளிவட்டம், தண்டு தெளிவாக இருக்கும் படத்தில் பின்னாலுள்ள மரமும், மரம் தெளிவாக இருக்கும் படத்தில் தண்டும் மங்கி அகன்று விழுவதால் வருவது. தண்டு தெளிவாக இருக்கும் இரண்டு மூன்று படங்களை மட்டும் தனியே சேர்த்து, அதிலிருந்து அந்த ஓரத்தைப் பூசிவிடுங்கள், போய்விடும்.

மறுமொழி: சோலைவாசி

உங்கள் வருணனை மைசீனா பேரினத்தோடு ஒத்துப்போகிறது. அதற்கு மேல் சிற்றினம் வரை போக நுண்ணோக்கி வேண்டும். ஆனாலும் காளானை அறிந்தவர் எவரிடமும் கேட்பதற்கு முன், நான்கு படங்கள் கையில் இருக்கட்டும்: மேற்புறம், அடிப்புறம், தண்டு மரத்தைத் தொடும் இடம், அளவுகோலோடு ஒன்று. எந்த மரம், எந்தத் தேதி, தரையிலா மரத்திலா என்பதையும் குறித்து வையுங்கள். அழகுக்காக எடுத்த படம் பெரும்பாலும் அடையாளத்துக்கு உதவாது, ஏனென்றால் அதில் தண்டின் அடி பாசியில் மறைந்திருக்கும்.

வித்துத்தூளின் நிறமும் வேண்டும். தானாகச் சாய்ந்துவிட்ட ஒரு குடையை மட்டும் எடுத்து, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளின் மேல், செவுள் கீழே பார்க்க வைத்து, ஒரு துளி நீரைக் குடையின் உச்சியில் விட்டு, கண்ணாடி டம்ளரால் இரவு முழுதும் மூடி வையுங்கள். மைசீனா என்றால் தூள் வெள்ளையாக விழும். இதே சோதனையைப் புல்தரையில் வரும் பெரிய வெண்காளான்களுக்குச் செய்யும்போது, பச்சை நிறத் தூள் விழுந்தால் அது பலரை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் தள்ளும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ். தூள் வேறு நிறத்தில் விழுந்தது என்பதற்காக எதையும் உண்ணலாம் என்று பொருள் இல்லை. உங்கள் மகள் கூடவே வருகிறாள் என்பதால் சொல்கிறேன்: படத்தையோ தூளையோ பார்த்துவிட்டு எந்தக் காட்டுக் காளானையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை அவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: ஈரக்கட்டை

சொல்லிவிட்டேன், ஐயா. நேற்றிரவு டம்ளரால் மூடி வைத்ததைக் காலையில் அவள்தான் திறந்தாள். வெள்ளைப் பாதியில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புப் பாதியில் செவுளுக்கு ஒரு கோடாக, குட்டைச் செவுளுக்கு அரைக் கோடாக, வெண்தூள் அரைச் சக்கரம் போலப் படிந்திருக்கிறது. மூச்சு பட்டால் கலைந்துவிடும் என்று கதவைச் சாத்திவைத்திருக்கிறோம். கேமராவை நேர் மேலே நிறுத்தி, ஜன்னல் ஒளியில், எஃப்/8 வைத்து இன்று அதை எடுக்கப் போகிறேன். தாள் தட்டையானது என்பதால் இதற்கு ஒரே படம் போதும் என்று நினைக்கிறேன்.